எலுமிச்சம்பழம் குத்திய ரைஃபிள்

என் மாமியார் என் மேல் சொன்ன குறைகள் ஏராளம். அவற்றில் உண்மையானது ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு நான் எலுமிச்சம்பழம் வாங்க மாட்டேன். பொரி கடலை வாங்குவேன், பூசணிக்காய் வாங்குவேன், தையல் மிஷினுக்கும் வீட்டுக்காரரின் ஸ்கூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். எலுமிச்சம்பழம் மட்டும் கிடையாது. நாங்கள் ஊரப்பாக்கத்தில் குடியேறிய முதல் வருஷம் மாமியாரே கடைக்குப் போய் வாங்கி வந்து, ஸ்கூட்டரின் முன்னால் ஒன்றைக் குத்தி வைத்தார். நான் அதைப் பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மனையில் எறிந்தேன். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எலுமிச்சம்பழத்தோடு எனக்குப் பகை இல்லை. ஊறுகாய் போடுவேன், சாதம் கலப்பேன். பகை ஒரு ஆளோடு. அந்த ஆளை 'சார்' என்று சொல்லித்தான் பழக்கம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மரியாதையால் இல்லை, வாய் பழகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நான் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தேன். சனிக்கிழமைகளில் காக்கி உடுப்புப் பயிற்சி உண்டு. அணிவகுப்பு, கயிறு ஏறுவது, வருஷத்தில் சில நாள் துப்பாக்கி சுடுவது. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருந்தோம். பாதிப் பேர் சர்டிபிகேட்டுக்காக, மீதிப் பேர் பரேட் முடிந்ததும் தரும் பூரிக்கிழங்குக்காக. நானும் பூரிக்காகச் சேர்ந்தவள்தான். முதல் முறை மணல் மூட்டை மேல் ரைஃபிளை வைத்துக் குப்புறப் படுத்துச் சுட்டபோது ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற இடத்துக்குள் விழுந்தன. அதற்கப்புறம் பூரி ஞாபகமே வரவில்லை. என்னால் ஒரு காரியத்தை இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

பயிற்சிக்குப் பொறுப்பாளர் வணிகவியல் சொல்லிக் கொடுத்த சார். வாரத்தில் ஐந்து நாள் வேட்டி, சனிக்கிழமை மட்டும் காக்கி. அந்தக் காக்கிக்கு அவர் வயிற்றோடு தீராத தகராறு. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, எல்லாரையும் "வாம்மா, போம்மா" என்று கூப்பிடும் மனுஷர். அதனால்தான் அவர் மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இல்லை. வந்த கோபம் போகவும் இல்லை.

நான் மூன்றாம் வருஷம் சேர்ந்த ஜூலையில் கல்லூரிக்கு ஒரு புது ரைஃபிள் வந்தது. ஒரே ஒன்று. அதுவரை எங்களிடம் இருந்ததெல்லாம் எத்தனையோ பேர் தோளில் சாய்த்துக் கட்டை வழவழத்துப் போன கிழடுகள். புதியது மெழுகுக் காகிதத்தில் சுற்றி, அதற்குமேல் சாக்கு சுற்றி, மரப்பெட்டியில் படுத்திருந்தது. பிரித்துப் பார்த்தால் துப்பாக்கியே தெரியவில்லை. கோந்து மாதிரி பழுப்பு கிரீஸ், தலை முதல் கால் வரை. துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசி அனுப்புவது. பையன்கள் ஆளுக்கு ஒரு விரல் வைத்துப் பார்த்துவிட்டு, விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"பிசுக்கு வேலை, பொம்பளைப் பிள்ளைங்க பொறுமையா செய்வாங்க," என்றார் சார்.

சரி, செய்தேன். வீட்டிலிருந்து ரேஷன் மண்ணெண்ணெய் ஒரு பாட்டில் கொண்டு போனேன். அப்பாவின் கிழிந்த பனியன்களை வெட்டித் துணி ஆக்கினேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆயுத அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தேன். திருகு இடுக்கில் ஒளிந்திருந்த கிரீஸை ஈர்க்குச்சியில் துணி சுற்றித் தோண்டி எடுத்தேன். எங்களுக்குச் சுடக் கற்றுக் கொடுத்த ஹவில்தார் சனிக்கிழமை மட்டும் வருவார். இந்தி தவிர வேறு பேச மாட்டார், அதிலும் பாதி வசவு. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும், இரும்புக்கு எண்ணெய் பூசினது கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத்தான் தெரிய வேண்டும் என்றெல்லாம் அவர் கத்திய கத்தலில் புரிந்துகொண்டேன். சுடுவதற்கு முன்னால் குழலைக் காயத் துடைக்க வேண்டும். உள்ளே எண்ணெய் இருந்தால் முதல் குண்டு வழுக்கிக்கொண்டு எங்கேயோ போகும். சுட்டு முடித்ததும் புகைக் கரியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய்.

அவர் எல்லாவற்றையும் விட அதிகம் கத்தியது குழலின் வாயைப் பற்றி. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. அந்த ஓரம் வட்டமாக, பிசிறில்லாமல் இருந்தால்தான் குண்டு நேராகப் போகும். ஒரு பக்கம் கொஞ்சம் அரித்திருந்தாலும் வெளியே வரும்போதே குண்டு திரும்பிக்கொள்ளும். அதனால் குழலைத் துடைக்கும் கயிற்றை எப்போதும் பின்பக்கமாக உள்ளே விட்டு, வாய் வழியாக நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறே ஓரத்தைத் தேய்த்துவிடும். கயிறுக்கு 'புல்த்ரூ' என்று பெயர். ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறு முனையில் துணி. சாய்த்து இழுத்த ஒரு பையனின் முதுகில் ஹவில்தார் தொப்பியால் அடித்ததைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு நாளும் சாய்த்து இழுத்ததில்லை. கயிறு தன்னால் போய் வரும்படி கையைப் பழக்கிக்கொண்டேன்.

புது ரைஃபிளை எடுத்தவுடன் சரமாரியாகச் சுடக் கூடாது. பெருங்களத்தூர் தாண்டி, கல் உடைத்த பள்ளத்தின் பக்கத்தில் மண் மேடு ஒன்று இருந்தது. அங்கேதான் சுடப் போவோம். ஒரு குண்டு சுடுவேன், துடைப்பேன். மறுபடி ஒன்று, மறுபடி துடைப்பு. அடுத்த தடவை சிலவற்றைச் சேர்த்துச் சுட்டுவிட்டுத் துடைப்பேன். முதலில் வந்த துணியெல்லாம் கரேல் என்று இருந்தது, போகப் போக வெளுத்தது. குண்டை உள்ளே தள்ளி அடைக்கும் பூட்டு, போல்ட் என்பார்கள், முதலில் பிடிவாதமாக இருந்தது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டித்தான் மூட வேண்டும். ஆயுத அறையில் உட்கார்ந்து சும்மாவே அதை இழுத்து இழுத்து மூடினேன். எண்ணெய் டப்பா தீர்ந்துபோய், அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயைத் திருடிக் கொண்டு போய் ஊற்றினேன். செப்டம்பரில் ஒரு நாள் இரண்டு விரலால் தள்ளினேன், பூட்டு கேட்டுக்கொண்டது. அன்றைக்குச் சுட்டதில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக விழுந்தன. நாலணாக் காசு போதும் மூட. பையன்கள் வந்து என் குறி அட்டையைப் பார்த்துவிட்டு, தங்கள் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் தேர்வுச் சுடுதல். அதில் வந்தால் மாநில அணி, டில்லி முகாம். அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, சேலையூரில் வாடகை வீடு. எனக்கு அப்போதே இரண்டு ஜாதகம் வந்து பூஜை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. "செலக்ட் ஆனா டில்லிக்கு நானே வண்டி ஏத்தி விடறேன், மேல படிக்கவும் வைக்கிறேன். ஆகலேன்னா அந்த உடுப்பை மடிச்சு வச்சுடு, அப்புறம் பேச்சே கிடையாது," என்றார் அப்பா. அவர் சொன்ன சொல் மாறாதவர். இரண்டு பக்கமும் மாற மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் எனக்கு வேண்டியிருந்தது நேராகச் சுடும் ஒரு துப்பாக்கி மட்டும்தான். அதை என் கையாலேயே தயார் பண்ணியும் வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறை என்பதால் முந்தைய நாள் சாயங்காலமே கல்லூரியில் பூஜை. ஹவில்தார் அதற்குள் மாற்றல் ஆகி வடக்கே போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை. அவர் இருந்திருந்தால் அந்தத் தொப்பி யார் முதுகில் விழுந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆயுத அறையைக் கழுவிக் கோலம் போட்டு, ரைஃபிள்களை நிறுத்தி வைத்துப் பொட்டு வைத்தார்கள். நானும் காலையிலிருந்து அங்கேதான் இருந்தேன். எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டது நான். பூஜை ஆரம்பிக்கும்போது சார், பெண்கள் பக்கம் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பூஜைக்கு ஆகாத நாளா இருக்கிறவங்க யாராவது இருந்தா, வராந்தாவில நின்னுக்குங்கம்மா."

எனக்கு அன்றைக்கு இரண்டாம் நாள். சும்மா நின்றிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? காலையிலிருந்து அந்தக் கையால்தானே எல்லாத் துப்பாக்கியையும் தொட்டேன்? ஆனால் வீட்டில் வளர்த்த வளர்ப்பு, கால் தன்னால் நடந்தது. என்னை யாரும் தள்ளவில்லை. நாற்பது ஜோடிக் கண் பார்க்க, நானே வெளியே போய் நின்றேன். பையன்களில் ஒருத்தன் தரையைப் பார்த்துச் சிரித்தான். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பை எட்டி அறையத் தோன்றுகிறது.

வராந்தாவிலிருந்து கதவு வழியாகத் தெரிந்தது. பழைய ரைஃபிள்களுக்குப் பொட்டோடு சரி. புதியதற்கு மட்டும் சாமந்தி மாலை. அப்புறம் சார் தாம்பாளத்திலிருந்து ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை எடுத்தார். முடிச்சூர்க்காரர் ஒருவர் ஸ்டோர் அட்டெண்டராக இருந்தார், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுவோம். அவரிடம் கொடுத்து, புதுசுக்குக் கண் படும், அம்மன் கோயில் சூலத்தில் குத்துகிற மாதிரி மேலே குத்திவிடு என்றார். அண்ணா பழத்தின் அடியில் கத்தியால் கீறி, நட்டுக்குத்தலாக நின்ற ரைஃபிளின் வாயில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். குழல் பழத்துக்குள் இறங்கி இறுகிக்கொண்டது. சாறு குழலின் வெளியே வழிந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். வெளியே இவ்வளவு வழிந்தால் உள்ளே எவ்வளவு போயிருக்கும்?

"சார், வாயில வேண்டாம் சார். புளிப்பு சார், இரும்பை அரிச்சுடும். எடுக்கச் சொல்லுங்க," என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் திரும்பினார். முகத்தில் நிஜமான வருத்தம். "அங்கிருந்து பேசாதம்மா. பூஜை நடக்குது."

கற்பூரம் காட்டினார்கள். மணி அடித்தார்கள். எனக்குப் பொரியும் கடலையும் காகிதத்தில் மடித்து வராந்தாச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார்கள், கையில் தரவில்லை. பூஜையில் வைத்ததை விஜயதசமி அன்றைக்குத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, சார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் பின்னாலேயே சைக்கிள் ஸ்டாண்டு வரை போனேன். பழத்தை மட்டும் எடுத்துவிட்டு ஒரு துணி போட்டு இழுத்துவிடுகிறேன், இல்லை அண்ணாவையே எடுக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். பூஜையைப் பாதியில் கலைத்தால் தெய்வக் குத்தம், உனக்கே பரீட்சை வருது என்றார்.

விஜயதசமி காலையில் சைக்கிள் மிதித்துப் போனேன். அம்மா சுடச்சுடத் திட்டினாள், நல்ல நாளும் அதுவுமாய் எங்கே ஓடுகிறாய் என்று. கல்லூரி வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். சார் சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார், சாவியும் போய்விட்டது. மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழையில் முடிச்சூர் வயலெல்லாம் ஏரியோடு ஒன்றாகிவிட்டது, தாம்பரம் ரயில்வே சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். கல்லூரிக்கு விடுமுறை மேல் விடுமுறை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். எல்லாரும் வெள்ளத்தைப் பற்றிப் பேசினார்கள், எனக்கு அந்தப் பூட்டிய அறையில் வாயில் பழத்தோடு நின்றுகொண்டிருக்கும் என் ரைஃபிள்தான் கண்ணில் நின்றது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

கல்லூரி திறந்த அன்றைக்கு அறையைத் திறந்ததும் பூசணம் பிடித்த வாடை. சாமந்தி அழுகி இரும்பில் ஒட்டியிருந்தது. பழம் சுருங்கிக் கறுத்து, நெல்லிக்காய் அளவுக்கு ஆகியிருந்தது. அண்ணா பிடித்து இழுத்தார், வரவில்லை. திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பழம் இருந்த இடத்தில் குழலின் கறுப்புப் பூச்சு போய், சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். வாயைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி துரு. அண்ணா விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"இன்னாம்மா இது, இரும்பே வெந்து போய்கீது. சார் சொன்னாருன்னு குத்தனேன், எனுக்கு இன்னா தெரியும்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரையும் ஒருத்தர் ஏவித்தான் செய்தார்.

பின்பக்கம் கயிறு விட்டு இழுத்தேன். முதல் துணி ஆரஞ்சு நிறத்தில் வந்தது. அடுத்ததும் அப்படியே. மண்ணெண்ணெய், எண்ணெய், பித்தளை பிரஷ், மறுபடி துணி. மத்தியானம் வரை இழுத்தேன், உள்ளங்கை கொப்பளித்தது. குழலின் பெரும்பகுதி பிழைத்துக்கொண்டது. வாய்க்குப் பக்கத்தில் மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. ஓரத்தில் கீழ்ப்பக்கம் நகத்தால் தடவினால் ஒரு இடத்தில் இடறியது. மூன்று மாசமாகக் கயிறுகூட உரசாமல் நான் பார்த்துக்கொண்ட ஓரம் அது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை. ஆத்திரத்தை இறக்கி வைக்க வேறு இடம் கிடைக்காமல் வந்தது.

அடுத்த சுடுதலில் சந்தேகம் தீர்ந்தது. நாலணாவில் அடங்கிய குண்டுகள் அட்டை முழுக்க மேயப் போயின. நான் சாரிடம் போய், தேர்வுக்குப் பழைய ரைஃபிளில் ஒன்றைக் கொடுங்கள், அதிலேயே நான் சுட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். இது பெரிய வேண்டுதல் இல்லை. அறை நிறைய ரைஃபிள்கள் இருந்தன.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த இடம்தான் எனக்கு ஆறவே இல்லை. பழம் குத்தியது தெரியாமல் செய்தது, விட்டுவிடுவேன். இது தெரிந்து செய்தது.

"புதுசு ஒண்ணு வந்திருக்குன்னு மேலிடத்துக்குத் தெரியும். பெஸ்ட் ஷாட் நீ, நீ பழசை எடுத்தா புதுசு எங்கேன்னு கேப்பாங்க, எடுத்துப் பார்ப்பாங்க. கவர்ன்மெண்ட் ஆயுதம்மா, என் வேலையே போயிடும். நீதானே பழக்கினே, நீயே சுடு. கடவுள் பார்த்துப்பாரு."

பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார். கண் கலங்கியது. என் கண் ஏற்கெனவே வற்றிப் போயிருந்தது. இன்னொரு விஷயமும் சொன்னார், மெதுவாக, எனக்கு நல்லது சொல்கிற குரலில். அன்றைக்குக் காலையில் அந்த நிலைமையில் நீ எல்லாத்தையும் தொட்டிருக்கே, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், நான் யார்கிட்டயும் சொல்லலே. அப்புறம் எத்தனையோ பதில்களை யோசித்து வைத்திருக்கிறேன், பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. எதுவும் பிரயோஜனம் இல்லை.

தேர்வு நாள் மேகம் மூடிக் கிடந்தது. பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். தேர்வு பார்க்க வந்த அதிகாரி தமிழர்தான், மீசையும் பளபளக்கும் பூட்ஸுமாக ஜீப்பில் வந்து இறங்கினார். நான் புது ரைஃபிளோடு படுத்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை மட்டும் அசைத்து, எனக்குத் தெரிந்த அத்தனை ஒழுங்கோடும் சுட்டேன். குண்டு எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த ஓரம்தான் தீர்மானித்தது. அட்டை வந்தது. பொரி இறைத்த மாதிரி இருந்தது.

அதிகாரி அட்டையைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் நல்ல ஷாட் என்று கேள்விப்பட்டேனே என்றார். சார் முந்திக்கொண்டார். பெண் பிள்ளை, கூட்டத்தைப் பார்த்ததும் பதற்றம், கை நடுங்கிவிட்டது என்றார்.

நடுங்கிவிட்டதாம். என் கையா நடுங்கியது? நான் எழுந்து நின்றேன். பூஜை, பழம், பூட்டிய அறை, மழை, பழைய ரைஃபிள் கேட்டது எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சார் என் பக்கம் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அதிகாரி சிரித்தார். "எலுமிச்சம்பழம் இரும்பை என்னம்மா பண்ணிடும்? சாமி காரியத்தைப் போய் குத்தம் சொல்றியே." அவர் பின்னால் நின்ற ஜீப்பின் முன்பக்கத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு ஆடிக்கொண்டிருந்தது. யாருமே சிரிப்பை அடக்கவில்லை.

நான் ரைஃபிளை அதிகாரி முன் நீட்டினேன். "நீங்க சுட்டுப் பாருங்க சார்."

அடிப்பாரோ என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கஞ்சி போட்ட உடுப்போடு மண்ணில் படுத்தார். அவர் படுத்த விதத்திலேயே தெரிந்தது, சுட்டுப் பழகிய ஆள். ஐந்து குண்டு சுட்டார். அட்டை வந்தது. என்னுடையதைவிடக் கொஞ்சம் மோசம். யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, பூட்டைக் கழற்றி, வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் சுற்றினார். கீழ்ப்பக்கம் வந்ததும் நகம் நின்றது.

சாரிடம் இங்கிலீஷில் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். சாரின் நெற்றி விபூதி வேர்வையில் கரைந்தது. அதிகாரி ரைஃபிளைத் தனியே வைக்கச் சொன்னார், சீட்டு கட்டச் சொன்னார், பட்டறைக்கு அனுப்பச் சொன்னார். எல்லாம் மளமளவென்று நடந்தது. ஒரு துப்பாக்கிக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அங்கிருந்த அத்தனை பேரும் பதறினார்கள்.

நான் அதிகாரி பக்கத்தில் போய், வேறு ரைஃபிளில் மறுபடி சுடலாமா என்று கேட்டேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். தூறல் ஆரம்பித்திருந்தது. ஸ்கோர் எழுதியாகிவிட்டது என்றார். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா. நல்ல தைரியம் உனக்கு." நான் கடைசி வருஷம் சார், அடுத்த வருஷம் கல்லூரியிலேயே இருக்க மாட்டேன் என்றேன். அதற்குள் அவர் ரைஃபிள் பக்கம் திரும்பிவிட்டார்.

தைரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வீட்டுக்குப் போய் உடுப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தேன். அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பூஜை அலமாரியிலிருந்து ஜாதகத்தை எடுத்தார்.

கடைசிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கப் போனபோது ஸ்டோர் அண்ணாவைப் பார்த்தேன். சந்தோஷமாகச் சொன்னார். "உன் துப்பாக்கி வந்துச்சும்மா. புச்சா குழல் போட்டு அனுப்பிக்கீறாங்க. பசங்க சுட்டுகினு கீறானுங்க, சும்மா நச்சுனு போவுது." கட்டை அதேதானா என்று கேட்டேன். அதேதான் என்றார். அந்த வழவழப்பு என் உள்ளங்கை தேய்த்தது. போய்ப் பார்க்கிறாயா என்று சாவியை எடுத்தார். வேண்டாம் என்றேன்.

தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம் சாரைத் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன். நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், கையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டும் காய்கறிப் பையும். தலை நரைத்துவிட்டது அவருக்கு, விபூதி மட்டும் அதே அகலம். என்னை அடையாளம் கண்டுகொண்டு அவரே பக்கத்தில் வந்தார். நல்லா இருக்கியாம்மா, குழந்தைங்க எத்தனை என்றெல்லாம் கேட்டார். பெஞ்சில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அப்புறம், ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்த மாதிரி சொன்னார்.

"அன்னிக்கு நீ அப்படிப் பேசியிருக்க வேண்டாம்மா. என்கொயரி வச்சு, எனக்கு வரவேண்டிய பிரமோஷன் மூணு வருஷம் தள்ளிப் போச்சு. எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு உனக்குத் தெரியாது. பரவாயில்லே, நான் அதை மறந்துட்டேன்."

மன்னித்துவிட்டாராம். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை, பிளாட்பாரத்தில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

"எனக்கு என்ன போச்சுன்னு கேளுங்க சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நிஜமாகவே புரியாத பார்வை. உனக்கென்ன, நல்ல வேலை, நல்ல குடும்பம் என்று சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். நான் பார்த்த பார்வையில் அதையும் சொல்லவில்லை. காத்திருந்தேன். செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு, "வரேம்மா," என்று சொல்லி ஏறிக்கொண்டார். கடைசி வரை கேட்கவில்லை. நானும் அதே வண்டியில்தான் போக வேண்டும். ஏறாமல் அடுத்த வண்டிக்கு நின்றேன்.